கடலுக்குக் காட்டிய பூனை

பக்கத்து வீட்டு பத்ரியாவின் பூனை கடலில் நனைந்ததற்கு நான்தான் காரணமாம். ஆமாம், அதற்கென்ன இப்போது?

எங்கள் முஹர்ரக் தீவில் எல்லாரும் முத்துக்குளித்துப் பிழைத்த காலத்துக் கதை ஒன்றை என் மகள்களுக்குச் சாயங்காலங்களில் வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் தர்ஃபா என்ற சிறுமியின் வாப்பா போன படகை மட்டும் காணோம். பெண்கள் கரையில் கூடி, கடலை மிரட்டும் அந்தக்கால வழக்கப்படி எரியும் பேரீச்ச மட்டையால் கடலுக்குச் சூடு வைக்கிறார்கள், பூனையை முக்குகிறார்கள், "போதும் கடலே, எங்க ஆளுங்கள விடு!" என்று கத்துகிறார்கள். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

சின்னவள் ஹெஸ்ஸா சோற்றைத் தொடவில்லை. "உம்மா, அவ வாப்பா வந்துடுவார்ல?"

"நாளைக்குப் பாப்போம்டி."

அடுப்படிக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். எழுதின பாவி, அந்த மனுஷனைத் திரும்ப வரவே விடவில்லை!

மறுநாள் பார்த்தால், ஹெஸ்ஸா பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்கு ஓடுகிறாள். பின்னாலேயே நானும் பெரியவள் முனீராவும், "ஐயோ, என் பூனை!" என்று பத்ரியாவும். நாங்கள் போவதற்குள் முக்கிவிட்டாள். பூனை அவள் கையைப் பிறாண்டிவிட்டு ஓடியே போனது. அழுவாள் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்துக் கடலை அதட்டுகிறாள்: "தர்ஃபா வாப்பாவ விடு! இல்லேன்னா பூனைய மறுபடி கொண்டாருவேன்!"

பத்ரியாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேளுடி! பயந்து சாகட்டும்!" என்று அவளும் கத்த, நானும் கத்த, தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும், கீறலுக்கு மருந்துகூடப் போட விடாமல், "வாசி உம்மா" என்றாள் ஹெஸ்ஸா.

புத்தகத்தைத் திறந்தேன். முடிவை மாற்றிச் சொல்லலாமென்றால் முனீரா பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறாள். ஒரு வரி விட்டாலும் "ஏமாத்தாத உம்மா" என்பவள். அவள் கண் அந்தப் பக்கத்தில் கடகடவென்று ஓடி, நின்றது. முகம் சுருங்கிப்போனது.

"குடு, நான் வாசிக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தது..."

அந்தப் பக்கத்தில் பாய்மரமே கிடையாது. இவளோ வாப்பாவைக் கரையிறக்கி, தர்ஃபாவைத் தோளில் ஏற்றி, ஊருக்கே விருந்து வைத்துவிட்டாள், ஒரு திக்கல் இல்லாமல்!

ஹெஸ்ஸா குதித்த குதியில் தேநீர் கொட்டியது. "நான் சொன்னேன்ல! நான்தான் கொண்டுவந்தேன்!"

முனீரா நாற்காலி போட்டு ஏறி, தங்கைக்கு எட்டாத மேல்தட்டில் புத்தகத்தைச் செருகினாள். இறங்கியவளை, என் தங்கத்தை, அப்படியே வாரி அணைத்துக்கொண்டேன்.

"விடு உம்மா, மூச்சு முட்டுது" என்றாள். ஆனால் அவளும் என்னை விடவில்லை.