ஐயாசாமி வீட்டு நாற்காலிகள்

மலேசியாவின் கூலாய் ஊரில் ஐயாசாமியிடம் ‘எதுனாலும் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போன ஒவ்வொருவருக்கும், மறுநாள் விடிவதற்குள் அவர் வீட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாடகைக்கு விடுவார்களே, அந்த ரகம். சொன்னவர் நின்ற இடத்திலேயே அது நின்றதால் யாருடையது எது என்பதில் குழப்பமில்லை. முதல் நாற்காலி கோயில் தலைவர் மதிவாணனுடையது. ஐயாசாமியின் மனைவி புஷ்பவள்ளிக்கு மறதி நோய் என்று கேள்விப்பட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நின்றபடியே பேசி, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் மாதர் சங்கத்தார், செம்பனைத் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்கள், சொந்தக்காரர்கள். மழைக்காலம் முடிவதற்குள் கூடம் நிறைந்து, நாற்காலிகள் வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டன. சிலதைக் குப்பை லாரியில் ஏற்றிப் பார்த்தார். விடிந்தால் திரும்பவும் இருந்தன. அவற்றில் இருபக்கமும் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அது ஸ்கூடாயில் குடியிருந்து, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மகள் கஸ்தூரியுடையது.

புஷ்பவள்ளி நாற்காலிகளில் ஆள் இருப்பதாகவே நினைத்தாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, “சாப்டீங்களா? தேத்தண்ணி போடவா?” என்று கேட்பாள். பிறகு கணவனிடம் வந்து, “என்னங்க, வந்தவங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. உங்க ஆளுங்கதானே?” என்பாள். “என் ஆளுங்கதான். அதான் பேச மாட்டேங்கறாங்க,” என்பார் அவர். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், விடிகாலையில் பேர் கூப்பிடும் தோட்டத்துப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்துவிடுவாள். அதனால் அவர் கண்ணயர்வதை விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஜோகூர் பாருவில் மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது, மனசு விட்டுப் பேசலாம், ஆனால் நோயாளியைக் கூட்டி வரக்கூடாது என்றாள் ஒரு பெண். “அப்ப அவள யார்கிட்டம்மா விட்டுட்டு வர்றது?” “அதத்தான் அங்கிள், கூட்டத்துல பேசுவோம்.” பகல்நேரக் காப்பகம் ஒன்றில், எழுந்து நடந்துவிடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள்.

அந்த வருஷமே அவருக்கு நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்தது. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரி படுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஒரு ராத்திரிக்குப் புஷ்பவள்ளியோடு இருக்க ஒரு ஆள். அவர் கேட்டது அவ்வளவுதான். ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுக்கொண்டு உரியவர்களைக் கூப்பிட்டார். “அண்ணே, முன்னாடியே சொல்லக்கூடாதா லா? கோயில்ல திருவிழா நேரம்,” என்றார் மதிவாணன். மாதர் சங்கத்தார் வாட்சாப்பில் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். கஸ்தூரி பஸ்ஸில் நின்றுகொண்டே பேசினாள். “இப்ப லீவு கேட்டா வேலையே போயிரும்பா. அடுத்த மாசம் பாக்கலாம். எதுனாலும் கூப்பிடுங்க.” “இப்ப கூப்பிட்டுத்தானேம்மா இருக்கேன்,” என்றார். இறங்குமிடம் வந்துவிட்டதென்று அவள் போனை வைத்தாள். மறுநாள் கைவைத்த நாற்காலி இரண்டாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்கு முன்பே, ஒரு காலையில், மகளின் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புஷ்பவள்ளி எதிரே நின்று, “சாப்டீங்களா?” என்று கேட்டாள். பதில் வராதது அவளுக்குப் பழகிய விஷயம். பக்கத்து வீட்டார் சாயங்காலம்தான் பார்த்தார்கள்.

சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவர்களுக்குச் சரியாக இருந்தது. “ஒரு போன் போட்டிருக்கலாம் மனுஷன்,” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். புஷ்பவள்ளி முகமெல்லாம் சிரிப்பாக ஒவ்வொருவரிடமும் போய், “இப்பவாச்சும் வந்து உக்காந்தீங்களே. அவரு எத்தன நாளா போட்டு வெச்சுக் காத்துக் கெடந்தாரு தெரியுமா,” என்றாள். எல்லாரும் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்கள். போகும்போது கஸ்தூரியின் கையைப் பிடித்து, ஒருவர் விடாமல், ‘எதுனாலும் கூப்பிடும்மா’ என்று அதே வார்த்தையைச் சொன்னார்கள்.

கூலாய் வீட்டு நாற்காலிகள் அன்றிரவே காணாமல் போயின. ஸ்கூடாயில், கஸ்தூரி அம்மாவைக் கூட்டி வந்திருந்த பதினோராவது மாடி வீட்டில், விடியும்போது சிவப்பு நாற்காலிகள் நின்றன. கஸ்தூரி வேலையிடத்துக்குப் போன் போட்டு, இனி வரமுடியாது என்று சொன்னாள். பிறகு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அம்மா திறந்துவிடாதபடி பால்கனிக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினாள். அதற்கு அவை போதுமானவையாக இருந்தன.