புரண்டு படுத்த பலகைகள்

நூம்பல் கிராமத்தில் வேம்புலி வீட்டுப் பின்பக்கம் இருந்த பலகைத் தளம், 1967 ஐப்பசியில் முதன்முறையாகத் தானே புரண்டு படுத்தது. பதினெட்டுப் பலகைகளும் ஆணிகளைக் கக்கிவிட்டு, அடிப்பக்கத்தை மேலே காட்டியபடி அதே வரிசையில் கிடந்தன. ஆணி துருப்பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போனார்கள்.

தளம் போட்டதே கன்னியம்மாவுக்காகத்தான். முந்தின வருஷம் கிணற்றுக்குப் போகும்போது சேற்றில் விழுந்து, வேம்புலியின் மனைவியான அவளுக்கு இடுப்பு பிசகிக் கால் நொண்டியாகிவிட்டது. சமமான தரை இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய்வருவாள். இல்லாவிட்டால் யாராவது தூக்க வேண்டும். அதை அவள் அடியோடு வெறுத்தாள். அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் சுமை இறக்கிய வேம்புலி, வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளின் மூடிப் பலகைகளைக் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிவந்து, சவுக்குக் கட்டைகள் மேல் அறைந்தான். பலகைகளில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்தை மிதிக்கக் கூடாதென்பது பள்ளிக்கூடம் போகாத அவனுக்கும் தெரியும். எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டான்.

அதுதான் பலகைகளுக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்த ஒவ்வொரு காலையும் புரண்டன. அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். கல்லுக்கு அடியிலேயே புரண்டன. ஒன்பது வருஷம் ஷிஃப்ட் முடிந்து வந்து திருப்பித் திருப்பி ஆணியடித்தான், கரையானுக்கு வேஸ்ட் ஆயில் பூசினான், சாப்பிடும்போதே தூங்கிப்போனான். இடையில் கம்பெனி குமாஸ்தா உத்தமன் வந்து படித்துப் பார்த்து, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். வேம்புலிக்கு அசதிதான் கூடியது. எழுதியபடி செய்தால் எழுத்தை மிதிக்க வேண்டுமே.

1976 கார்த்திகையில் ஒரு காலை, சுத்தியலைத் தூக்கக் கை எழவில்லை. சேற்றில் உட்கார்ந்து அழுதான்.

“போதும், உடுய்யா,” என்றாள் பின்வாசலில் நின்ற கன்னியம்மா. “எழுத்து மேலயே கெடக்கட்டும். பாவம் வந்தா எனக்கே வரட்டும்.”

கும்பிட்டுவிட்டுக் காலை வைத்தாள். கால் பலகையைத் தொடவில்லை. ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. வலி இல்லை என்றாள். சுவரைப் பிடிக்காமல் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். தளத்தை விட்டு இறங்கியதும் பழையபடி நொண்டினாள்.

அதன் பிறகு பலகைகள் புரளவில்லை. ஆனால் வேம்புலிக்கு ஓய்வும் கிடைக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் மை மங்கும். மங்கிய இடத்தில் அவள் பாதம் தாழும், வலி வரும்.

“அதான் அக்கா மேலயே நடக்குதே, பலகைய இன்னாத்துக்கு மாமே கட்டிகினு அழுவுற?” என்று பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம் கேட்டான்.

“எழுத்து அயிஞ்சா அதுக்குக் கால் நோவுதுப்பா.”

ஞாயிற்றுக்கிழமைகளில் வேம்புலி தளத்தில் ஏறாமல் சேற்றில் மண்டியிட்டு, தனக்குத் தெரியாத எழுத்துகளின் மேல் கறுப்புப் பெயிண்ட் ஓட்டினான். காயும்வரை கன்னியம்மா காத்திருப்பதில்லை. ஈர எழுத்தின் மேலேயே குடத்தோடு போய்வருவாள். ஒரு எழுத்தும் கலைந்ததில்லை.