எழுபது கிலோ

அன்று காலை மருத்துவமனையின் முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். என் மகள் இருந்தாள். என் மனைவியின் தம்பி இருந்தான். தராசு பழுது பார்ப்பது அவன் தொழில். காதிடுக்கில் எந்நேரமும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பதால் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. எடை பார்க்கும் செவிலி இருந்தார். காலில் மாவுக்கட்டோடு ஒரு லாரி ஓட்டுநர் முறைக்காகக் காத்திருந்தார். மருத்துவர் பிறகு வந்தார். வேறு ஒருவரும் இல்லை.

எனக்கு வயது அறுபத்தொன்பது. சரக்குக் கிடங்கின் வாசலில் லாரிகளை ஏற்றி எடை போடும் மேடையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட சீட்டை மறுபடி எடை போடச் சொன்னவர்கள் மொத்தம் இரண்டு பேர். இரண்டு பேரும் அதே எடையோடு திரும்பிப் போனார்கள். என் குடும்பத்துக்கு நிலபுலன் கிடையாது. இருந்தது இந்தப் பெயர் ஒன்றுதான்.

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கான படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். எடை என்ற இடத்தில் எழுபது கிலோ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செவிலி படிவத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தடவை தராசில் ஏறச் சொன்னார். ஏறினேன்.

"எண்பத்தொண்ணு புள்ளி நாலு," என்றார்.

"எழுபது," என்றேன்.

"இதுல எண்பத்தொண்ணுன்னு காட்டுதே ஐயா."

"உங்க தராசு தப்பு."

"செருப்பைக் கழட்டிட்டீங்கல்ல?"

"பதினோரு கிலோவுக்கு யாரும் செருப்பு தைக்கிறதில்லம்மா."

லாரி ஓட்டுநர் சிரித்தார். செவிலி சிரிக்கவில்லை. மயக்க மருந்தின் அளவு எடையைப் பார்த்துத்தான் முடிவாகும், அதனால் தராசில் காட்டுவதைத்தான் எழுத முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். என் கையெழுத்துக்கு மேலிருந்த எண்ணை அடிக்கப் பேனாவை எடுத்தார். படிவத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

நான் அவ்வளவு உறுதியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் தொப்பை கிடையாது. என் தகப்பனாருக்கு இருந்ததில்லை. எனக்கும் இல்லை என்று நினைத்திருந்தேன். உடம்பு கூடுவது வாயின் குற்றம், வேறு எந்தக் காரணமும் சாக்குதான் என்பது என் கொள்கை. ஓய்வு பெற்றபோது கிடங்கில் கழித்துப்போட்ட பழைய மேடைத் தராசு ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளித்த பிறகு, காலை உணவுக்கு முன் வீட்டிலுள்ள எல்லோரும் அதில் ஏற வேண்டும். கோலின் மேல் இரும்புக் குண்டை நகர்த்தி, நின்ற இடத்தில் என்ன எண் என்று பார்த்து நானே உரக்கச் சொல்வேன். ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு விதித்திருந்தேன். அதற்கு மேல் இரண்டு கிலோ போனால், இறங்கும்வரை இரவுச் சாப்பாடு கிடையாது. இந்த விதி எனக்கும் உண்டு. ஒன்பது வருடமாக எனக்கு அதற்கு அவசியம் வரவில்லை. மாதம் தவறாமல் எழுபது. அதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டியும் இருக்கிறேன், மறைக்கவில்லை.

இடையில் கால்சட்டைகள் இடுப்பில் பிடித்தன. சலவைக்காரர் துணியைக் கொதிக்க வைக்கிறார் என்று மூன்று கடை மாற்றினேன். பெல்ட்டின் தோல் காய்ந்து சுருங்கிவிட்டது என்று புதிது வாங்கினேன். வேறு எந்தத் தராசிலும் நான் ஏறவில்லை. சொந்தத் தராசு வைத்திருப்பவன் அடுத்தவன் தராசில் எதற்கு ஏற வேண்டும்?

இனி முன்னறைக்கு வருகிறேன். திருப்புளியின் வண்டி வாசலில்தான் நின்றது. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்க, அரசு முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கற்கள் நான்கு அதில் எப்போதும் இருக்கும்.

"போய்க் கல்லை எடுத்துட்டு வா. இவங்களுக்கே காட்டிடலாம்," என்றேன்.

"இப்ப எதுக்கு அத்தான்? ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரின்னா தராசு தப்பா இருக்கலாமா?"

"கல்லெல்லாம் கடையில இருக்குன்னு நினைக்கிறேன்."

"வரும்போது என் கால்மாட்டுலதான் கிடந்துச்சு. இடிச்சுக்கிட்டு வந்தேன்."

அவன் அக்காளைப் பார்த்தான். என் மனைவி கைப்பையின் வாயைத் திறந்து மூடினாள். மகள், "அப்பா, விடுங்களேன். பதினோரு கிலோதானே," என்றாள். லாரிக்கு அது ஒன்றுமில்லை, மனிதனுக்கு அது அவமானம் என்று அவளுக்குச் சொன்னேன். செவிலியிடமும் ஒரு வார்த்தை சொன்னேன்: தராசைப் பராமரிக்கத் தெரியாதவர்கள் நோயாளியை எப்படிப் பராமரிப்பார்கள் என்று. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

திருப்புளி இரண்டு நடையாகக் கற்களைக் கொண்டு வந்தான். நானே குனிந்து ஒவ்வொன்றின் முத்திரையையும் பார்த்தேன். அவன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். கடைசிக் கல்லை வைத்ததும் எண்கள் ஓடி நின்றன. எண்பது. புள்ளிக்குப் பிறகு சுழி.

லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "தராசு பாசாயிடுச்சு ஐயா. இனி பரீட்சை உங்களுக்குத்தான்."

அவர் சொன்னது என்னைத் தைக்கவில்லை. நான் என் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சுவரில் தொங்கிய எலும்புப் படத்தைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். திருப்புளி அவசர அவசரமாகக் கற்களை இறக்கினான். எனக்கு வந்த திகைப்பில் கால் பங்குகூட அந்த மூவர் முகத்திலும் இல்லை.

அப்போதுதான் மருத்துவர் வந்தார். என் மகளைவிட இளையவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"மூணு வேளை. நாலு மணிக்கு டீயும் நாலு பிஸ்கட்டும். நாற்பது வருஷமா அதே அளவு. ஒரு கவளம் கூடினதில்லை."

"அதுதான் ஐயா விஷயம். வயசு ஏற ஏற உடம்புல தசை குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கிறதும் குறையும். வேலையில இருந்தப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?"

"லாரியைச் சுத்திச் சுத்தி வரணும். மேடை ஏறி இறங்கணும். நாள் முழுக்க நடைதான்."

"இப்ப?"

முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"தட்டு அதேதான். ஆனா அந்தத் தட்டு கேட்கிற உடம்பு இப்ப உங்ககிட்ட இல்லை. மிச்சமெல்லாம் இடுப்புல தங்குது, முழங்கால் சுமக்குது. இதுல உங்க தப்பு பெருசா ஒண்ணுமில்லை. தெரியாமப் போனதுதான் தப்பு."

தெரியாமல் போகவில்லை, தெரியவிடாமல் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாளைக்கு வந்து படிவத்தைத் திருத்தித் தருகிறேன் என்று எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கல்லை எங்கள் தராசில் வைக்கச் சொன்னேன். காலியாக இருந்தபோது கோல் நேராகத்தான் நின்றது. அதை மாதாமாதம் பார்த்தேன். கல்லை வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மைத்துனன் வருடம் ஒரு முறை வந்து எண்ணெய் போட்டு, சரிபார்த்துவிட்டுப் போகும்போது, அவன் வேலையை நான் மறுபடி சோதிப்பது அவனுக்கு மரியாதை இல்லை என்று விட்டிருந்தேன். இப்போது குண்டை நகர்த்தினேன். இருபது கிலோக் கல் பதினேழு கிலோ இருநூறு காட்டியது.

"கழட்டு," என்றேன்.

திருப்புளி காதிடுக்கிலிருந்து கருவியை எடுத்தான். நகரும் குண்டின் அடியில் ஒரு மூடி இருந்தது. அதைத் திருகிக் கவிழ்த்தான். ஈயத் துண்டுகள் தரையில் விழுந்தன. ஒன்பது. குண்டு கனத்தால் தராசு குறைத்துக் காட்டும். காலித் தராசு சாயாதபடி மறுமுனைத் திருகைச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு துண்டு, நான் எழுபதைத் தாண்டாத அளவுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறான். வேலை சுத்தமாக இருந்தது.

"யார் சொல்லிச் செஞ்சே?"

"அத்தான், அது வந்து..."

"நான்தான் சொன்னேன்," என்றாள் என் மனைவி. "அவனை ஏன் மிரட்டுறீங்க?"

ஆரம்பம் மகளால் என்றாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மகளின் எடை இறங்கவே இல்லை. நான் விதியைப் போட்டேன். ஆறு வாரம் அவள் இரவில் சாப்பிடவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, பகலில் மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் ஒரு நாள் கல்லாப் பக்கம் மயங்கி விழுந்தாள். உதட்டில் மூன்று தையல். பித்த மயக்கம் என்று என்னிடம் சொன்னார்கள். நம்பினேன்.

"ஒரு தடவைக்குத்தான்னு நினைச்சேன்," என்றாள் மனைவி. "அவ மூச்சு விட்டுக்கட்டும்னு."

"அது ஒரு துண்டு. மத்த எட்டு?"

"மத்த எட்டும் உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"வருஷா வருஷம் நீங்கதான் ஏறுனீங்க. காட்டினா நீங்க பட்டினி கிடப்பீங்க. நீங்க கிடந்தா வீடே கிடக்கணும். அப்புறம் அந்தச் சலவைக்காரரோட சண்டை போட்டது போதாதுன்னு யார் யாரோட சண்டைக்குப் போவீங்களோ."

"இடுப்புத் தையலைப் பிரிச்சு விட்டதும் நீதானா?"

"பின்ன, துணி தானா வளருமா?"

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, நீங்க எண்ணைச் சொல்றப்ப படிக்கட்டு வரைக்கும் கேட்கும். ஒரு தடவை கீழ்வீட்டு அக்கா என்னை வழியில நிறுத்தி, 'போன மாசத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சிருக்கே, பரவாயில்லையே'ன்னாங்க. நான் நன்றி சொல்லிட்டு வந்தேன். என்ன பண்றது."

தரையில் கிடந்த ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஆனால் இதை எழுதியாக வேண்டும். வேலை பார்த்த காலத்தில் ஒரு லாரிக்காரன் இருக்கைக்கு அடியில் தண்ணீர்ப் பீப்பாய் ஒளித்து எடை கூட்டியதைப் பிடித்தவன் நான். அவன் அந்நியன். பிடிபட்டதும் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இவர்கள் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஏறக்குறைய நூறு ஞாயிற்றுக்கிழமைகள் நான் பொய் எடையை உரக்கப் படித்தேன். இவர்கள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் எழுபது என்று பெருமை பேசியபோதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பார்வை பரிமாறியிருப்பார்கள். எடைச் சீட்டு ஒன்றிலும் பொய் எழுதாதவன், மருத்துவமனைப் படிவத்தில் பொய் எழுதிக் கையெழுத்திட்டேன். மகள் விழுந்ததற்கு நான் காரணம் என்றால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாதவனாக அந்த வீட்டில் நான் இருந்திருக்கிறேன் என்பது ஈயத்தைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் தனியாக வாடகை வண்டியில் போனேன். எழுபதை என் கையாலேயே அடித்து, எண்பத்தொன்று புள்ளி நான்கு என்று எழுதி, பக்கத்தில் மறுபடி கையெழுத்திட்டேன். செவிலியிடம் முந்தின நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா, தினமும் யாராவது ஒருத்தர் தராசைத் திட்டுவாங்க. கல்லைத் தூக்கிட்டு வந்தவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

சிகிச்சை நல்லபடி நடந்தது. வீட்டில் இப்போது மாதாந்தர எடை கிடையாது, நானே நிறுத்தினேன். என் தட்டு சின்னதாகியிருக்கிறது. மருத்துவர் சொன்னபடி காலையும் மாலையும் கைத்தடியோடு நடக்கிறேன். மகளிடம் பேசுகிறேன். மனைவியிடம் தேவைக்குப் பேசுகிறேன். திருப்புளி வந்தால் உட்காரச் சொல்கிறேன். தராசைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது வாரம் கீழ்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். "அந்த ஆஸ்பத்திரியில தராசே பழுதாமே. பதினோரு கிலோ கூட்டிக் காட்டுச்சாமே. நீங்க கல்லை வச்சுப் பிடிச்சிட்டீங்களாம். உங்ககிட்டயா நடக்கும்?" என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க வீட்டம்மாதான், என் சம்சாரத்துகிட்ட," என்றார்.

அவர் போன பிறகு மனைவியைக் கேட்டேன். மறுக்கவில்லை.

"தெருவுல நிமிர்ந்து நடந்தவர் நீங்க. கேட்கிறவங்களுக்கு என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்றது."

"உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"தராசும் எனக்காகத்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் கதை வளர்ந்தது. மகளின் மருந்துக் கடைக்கே வந்து சேர்ந்தது: பழைய எடைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரித் தராசை மூட வைத்துவிட்டாராம், பொறுப்பில் இருந்த செவிலிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனதாம். கடிதம் போனது உண்மை என்று மகள் விசாரித்து வந்து சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பிரதி மருத்துவமனை நிர்வாகத்துக்கும், ஒன்று கீழ்வீட்டுக்கும் போகிறது.

அந்தத் தராசில் பழுது எதுவும் இல்லை. முத்திரையிட்ட எண்பது கிலோவை ஏற்றி நானே பார்த்தேன். எண்பதுதான் காட்டியது.