மார்கிட் தேர்ந்தெடுத்த மீன்காட்டி

“இதுலதான்டி மீன் நிறைய இருக்கு. இதையே வாங்கிடலாம்” என்றாள் மார்கிட்.

கடைச் சுவரில் மீன்காட்டிகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. படகுக்கு அடியில் ஆழம் எவ்வளவு, தரை கல்லா சேறா, நடுவில் மீன் ஏதாவது நிற்கிறதா என்று திரையில் வரைந்து காட்டுகிற பெட்டிகள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது, அடுத்ததற்குப் போவது, திரும்பவும் முதலில் பார்த்ததற்கே வந்து நிற்பது என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. தொடுதிரை வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. எங்கள் ஊரில் மே மாதக் காலைக் குளிரில் கையுறை இல்லாமல் படகில் உட்கார்ந்தால் விரல் நமக்குச் சொந்தமில்லை. கையுறையோடு தடவினாலோ தொடுதிரை நம்மைச் சட்டை செய்வதே இல்லை. எனவே நல்ல தடித்த பொத்தான்கள் இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்துப் போகக் கூடாது. எனக்குப் படிக்கிற கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஏற்ற பெட்டி உலகத்திலேயே இன்னும் செய்யப்படவில்லை என்று நினைக்கிறேன்.

மார்கிட் காட்டிய திரையில் ஒரு பெரிய மீன், அதன் பின்னால் இரண்டு சின்ன மீன்கள், நிதானமாக இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துப் பெட்டியில் ஒரே ஒரு மீன்தான். அதுவும் இளைத்திருந்தது. மார்கிட் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையை ஆள்கிறவள். எந்தப் பாத்திரத்தில் அதிகம் இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பாள். நான் அதே பள்ளியின் பேருந்து ஓட்டுகிறவள், எல்லாவற்றையும் பக்கக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். ஆனால் அன்று எனக்கும் அந்தக் குண்டு மீனைப் பிடித்துவிட்டது.

இந்தப் பெட்டி எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்னசோட்டாவில் வால்ஐ என்கிற ஏரிமீனைப் பிடிக்கத் தடை நீங்கும் நாள் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வரும். பெரும்பாலும் மறுநாள் அன்னையர் தினம். அந்த வார இறுதியில் அம்மாக்களுக்கு உரிமச் சீட்டே தேவையில்லை என்று அரசாங்கம் தாராளம் காட்டுகிறது, எப்படியும் பிடிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கை போலிருக்கிறது. அன்றைக்கு என் அண்ணன் ஆர்லனும் அவன் கூட்டமும் விடியுமுன் ஏரிக்குப் போவார்கள். மாலையில் ஆர்லன் வீட்டுக் கொல்லையில் பெரிய சட்டியில் மீன் பொரியும். நான் கோஸ் சாலட் செய்துகொண்டு போவேன். விவரம் தெரிந்த நாளாக நான் கோஸ் சாலட்தான் செய்துகொண்டு போகிறேன். நன்றாகவும் செய்வேன், அதுதான் வந்த வினை. ஆண்கள் தட்டை ஏந்திக்கொண்டு, இது என் மீன், அது உன் மீன், இதைப் பிடிக்கும்போது கை எப்படி நடுங்கியது என்று பேசுவார்கள். என்னிடம் “கோஸ்ல இன்னிக்கு என்னமோ தூக்கலா இருக்கே” என்பார்கள்.

எனக்கு ஒரு மீன் வேண்டும். என் கையால் பிடித்த ஒரு மீன், அந்தச் சட்டியில். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் நானும் மார்கிட்டும் கூட்டாக ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினோம்.

ஆர்லனிடம் யோசனை கேட்டது என் தப்பு. “உனக்கு எதுக்குப் பெரிய மீன்காட்டி? சின்னதா ஒண்ணு வாங்கிப் போடு. மீன் எங்க இருக்குன்னு பாத்துட்டா மட்டும் அது தானா வந்து உன் மடியில ஏறிக்குமா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. “பெருசையே எடு” என்றேன் மார்கிட்டிடம்.

சனிக்கிழமை விடியற்காலையில் ஏரி மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. துறையில் படகை இறக்கியதும் மார்கிட் பெட்டியை உயிர்ப்பித்தாள். அது ஏதோ கேள்வி கேட்டது. கண்ணாடி என் பைக்குள் எங்கேயோ ரொட்டிக்கு அடியில் இருந்தது. கடைக்காரன் எங்களுக்குக் காட்டும்போது எந்தப் பொத்தானை அழுத்தினானோ அதையே மார்கிட்டும் அழுத்தினாள். திரை பளிச்சென்று விரிந்தது. கடையில் பார்த்தது போலவே அவ்வளவு தெளிவு. நாங்கள் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டோம்.

ஆர்லனின் படகு எப்போதும் போல, கரை ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அப்பால் பாறைத்திட்டின் விளிம்பில் நின்றது. அந்த இடம் அவனுடையது என்று பத்திரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவன் இருக்கும்போது அங்கே யாரும் போக மாட்டார்கள். நாங்கள் நடு ஏரியை நோக்கிப் போனோம். பாதி வழியிலேயே மார்கிட் என் தோளில் அடித்தாள்.

“நிறுத்து நிறுத்து நிறுத்து! ஐயோ டார்லா, எவ்ளோ பெருசு பாரு!”

திரையில் ஒரு குண்டு மீன். பின்னால் இரண்டு சின்னது. நான் இயந்திரத்தை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டேன். தூண்டில் முள்ளில் பொடிமீனைக் கோர்த்து இறக்கினோம். கொத்தவில்லை. காப்பி குடித்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் குண்டன் வந்தான்.

“திரும்பி வந்துட்டான்டி! நம்ம பொடிமீனை மோப்பம் பிடிச்சிட்டான்!”

“கத்தாதடி, ஓடிடப் போறான்.”

“நான் எங்க கத்துறேன்?”

தண்ணீர் மேல் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது ஏரிக்கரையில் பிறந்த எங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் சந்தோஷம் வந்தால் தொண்டை யார் பேச்சைக் கேட்கிறது? அதுவுமில்லாமல் இங்கே மீன் எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை, கேட்டாலும் உண்மை வராது. அதனால் எல்லோரும் அடுத்த படகைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஒரு படகு நகராமல் ஒரே இடத்தில் நின்று, அதில் இருப்பவர்கள் குனிந்து குனிந்து திரையைப் பார்த்துத் துள்ளினால், அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. முதலில் ஒரு சிவப்புப் படகு சும்மா அந்தப் பக்கமாகப் போகிறவர்களைப் போல வந்து நின்றது. பிறகு இன்னொன்று. நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது எங்களைச் சுற்றி ஒரு சந்தையே கூடியிருந்தது. அதில் ஒன்று ஆர்லனின் படகு. பாறைத்திட்டை விட்டுவிட்டு வந்திருந்தான்!

என் வாழ்நாளில் என் அண்ணன் என் பின்னால் வந்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன், கண்கூடக் கலங்கியது.

“எவ்ளோ ஆழம் காட்டுது?” என்று கேட்டான் ஆர்லன், அக்கறை இல்லாதவன் மாதிரி தூண்டிலைச் சரிசெய்துகொண்டே.

“அதெல்லாம் சொல்ல முடியாதுண்ணே” என்றாள் மார்கிட்.

அப்போது குண்டன் மூன்றாம் தடவையாக வந்தான். அதே குண்டன். பின்னால் அதே இரண்டு பேர், அதே இடைவெளி. பேருந்தில் தினமும் அதே பிள்ளைகள் அதே வரிசையில் ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. மனசுக்குள் ஏதோ இடித்தது. ரொட்டிக்கு அடியிலிருந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஆழம் தொண்ணூறு அடி என்றது. நங்கூரக் கயிற்றைப் பார்த்தேன். முழுக் கயிறே நாற்பது அடிதான். அதில் பாதிக்கு மேல் உள்ளே விடாமல் படகிலேயே சுருண்டு கிடந்தது. நங்கூரமோ தரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. திரையின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ‘டெமோ’ என்று மின்னிக்கொண்டிருந்தது.

“மார்கிட்” என்றேன் மெதுவாக. “இது கடையில ஓடின படம்டி.”

“என்ன படம்?”

“வேடிக்கை காட்டுற படம். குண்டன் இந்த ஏரியிலேயே இல்ல. அவன் பெட்டிக்குள்ள இருக்கான்.”

அவள் திரையைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். சுற்றிலும் நிற்கிற படகுகளைப் பார்த்தாள். ஊரிலுள்ள பெரிய மீன்பிடிகாரர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரில் தூண்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். மார்கிட்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கையுறையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் படகுக்குள் குனிந்து எதையோ தேடுகிறவளைப் போல முகத்தை மறைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

“என்ன ஆச்சு?” என்றான் ஆர்லன் சந்தேகத்தோடு.

“அவளுக்கு விக்கல்” என்றேன்.

மார்கிட் ஒருவழியாக டெமோவை நிறுத்தினாள். திரை வெறிச்சென்று ஆனது. பதினாறு அடி ஆழம், தட்டையான சேற்றுத் தரை, மருந்துக்குக்கூட ஒரு மீன் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆர்லன் இங்கே இருக்கிறான். அப்படியென்றால் பாறைத்திட்டு காலி.

“எங்களுக்குப் பசிக்குது, கரையோரமா போய்ச் சாப்பிட்டு வர்றோம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நங்கூரத்தை இழுத்தேன். நாங்கள் விட்ட இடத்தில் உடனே இரண்டு படகுகள் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. ஆர்லனுடையது முன்னால்.

முனையைச் சுற்றித் திரும்பியதும் திரையில் தரை மெல்ல உயர்ந்து, சட்டென்று சரிந்தது. சரிவின் அடியில் சின்னச் சின்ன வளைகோடுகள், நகத்தால் கீறினாற்போல. குண்டனின் அழகு அவற்றுக்கு இல்லை. மார்கிட்டுக்கு ஏமாற்றம்கூட. “இதெல்லாம் மீனாடி? தூசி மாதிரி இருக்கு” என்றாள். நான் தூண்டிலை இறக்கினேன்.

கம்பு ஒரு தடவை நடுங்கியது. பிறகு வளைந்தது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, ஆழத்தில் இருந்துகொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தது. நான் அலறினேன். மார்கிட்டும் அலறினாள். “விடாத விடாத, இழுக்காத, இல்ல இழு!” என்று ஒரே மூச்சில் எல்லா யோசனையும் சொல்லிவிட்டுக் கைவலையைத் தலைகீழாக நீட்டினாள். அதைத் திருப்பிப் பிடிக்க வைப்பதற்குள் மீன் படகைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டது. கடைசியில் வலைக்குள் வந்து விழுந்தபோது பொன்னும் பச்சையுமாக மின்னியது. பெரிய மீன் என்று சொல்ல முடியாது, சட்டிக்கு ஏற்ற மீன். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சளியும் கண்ணீருமாக, பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

அடுத்ததை மார்கிட் பிடித்தாள். அதற்கடுத்ததை மறுபடி நான். அதை வலையில் எடுக்கும்போது முனைக்கு அப்பால் ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது.

“அடியேய்! அது என் இடம்டி!” ஆர்லன் படகில் எழுந்தே நின்றுவிட்டான்.

“நீதாண்ணே காலி பண்ணிட்டுப் போன” என்றேன்.

அவன் என் கையிலிருந்த மீனைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அவன் சிரிப்பில் வழக்கமாக இருக்கும் முள் அதில் இல்லை. படகை எங்கள் பக்கம் மெதுவாக ஒட்டி நிறுத்தினான். “அது என்ன மாடல்?” என்று திரையை எட்டிப் பார்த்தான். மார்கிட் தன் துண்டை எடுத்துப் பெட்டி மேல் போர்த்தினாள்.

ஆர்லன் சுற்றுமுற்றும் பார்த்தான். மற்ற படகுகள் தூரத்தில் இருந்தன. எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தன் கூட்டாளிகளிடம் மட்டும் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டான்.

“நாளைக்கு எங்க போற?”

மீன் என் காலடியில் வாலை அடித்து என் பூட்ஸை நனைத்தது. நான் அவசரப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவளைப் போல மார்கிட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையுறை போட்ட விரலை நீட்டி, ஏரியின் மறுகோடியில் தவளையைத் தவிர வேறெதுவும் இல்லாத நாணல் குடாவைக் காட்டினேன். ஆர்லன் கையைப் புருவத்தின் மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அந்தத் திசையையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.