எழுபத்தேழாவது நாள், ஆறாவது சுற்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு கயிற்றிலிருந்து கிடைத்தது. தூக்குக் கயிறு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் தயவுசெய்து சாய்ந்துகொள்ளவும். இது அழைப்புமணிக் கயிறு. ரங்கூனில் எங்கள் தெருவில் மாடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். மேலே இருப்பவர் எட்டிப் பார்த்து, பிடித்தவராக இருந்தால் அதே கயிற்றில் சாவியை மாட்டி இறக்குவார். பிடிக்காதவர் என்றால் குளித்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஒரு காலை, மூன்றாம் மாடிக் கயிற்றை ஒரு பெண்மணி இழுத்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "மணி மறுபடி அலறியது. டோ மியா சேன் அசையவில்லை. ஏனென்றால் அவர்—"

அடித்துவிட்டேன். இப்படி எழுதினால் அடுத்த வரியில் பிணம் இல்லாமல் விடமாட்டீர்கள். டோ மியா சேன் ஆரோக்கியமாக இருக்கிறார். ரத்த அழுத்தம்கூட எனக்குத்தான்.

இரண்டாம் முயற்சி: "புத்தரின் ஒன்பது குணங்களை நாள்தோறும் ஓதுவதால் மனம் தெளிவடைந்து—"

இதையும் அடித்துவிட்டேன். நீங்கள் கொட்டாவி விட்டது இங்கே கேட்டது.

மூன்றாம் முயற்சி நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. இது தேறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

2

பாத்திர அறிமுகம். டோ மியா சேன், அறுபத்து மூன்று வயது, மூன்றாம் மாடி. (டோ என்பது இங்கே மூத்த பெண்களுக்கான மரியாதை அடை. ஆண்களுக்கு ஊ.) நேர் கீழே இரண்டாம் மாடியில், துப்பறியும் தொடர்கள் எழுதிப் பிழைக்கும் நான். அவருடைய ஆன்மிகத்தின் முழு எடையும் என் கூரைமேல்தான்.

ஓதுவதை அன்றாட வாழ்க்கையில் கலக்க வேண்டும் என்று மடத்துப் பெரியவர் சொல்லப்போக, இவர் அதைச் சமையலில் கலந்துவிட்டார். முட்டை அரைவேக்காடாக, புத்த வணக்கம் மூன்று தடவை. பூண்டு பொன்னிறமாக, அன்புப் பாட்டு ஒரு தடவை.* "எல்லா உயிர்களும் துன்பமின்றி இருக்கட்டும்" என்று முடிக்கிற அதே மூச்சில், என் ரேடியோவைக் குறைக்கச் சொல்லித் துடைப்பக் கட்டையால் தரையைக் குத்துவார். அந்த 'எல்லா'வுக்குள் நான் வருகிறேனா என்று பல வருஷமாகக் காத்திருக்கிறேன்.

(* நானும் முயன்றேன். பூண்டு கருகியது. என் மனம் அலைகிறதாம், அவர் தீர்ப்பு.)

அப்போது அவர் பெரிய விரதத்தில் இருந்தார். ஒன்பது நாள் கொண்ட ஒன்பது கட்டம், மொத்தம் எண்பத்தொரு நாள். தினமும் அதே நேரம் உட்கார்ந்து, புத்தரின் குணங்களில் அன்றைக்கு உரியதைச் சொல்லி, அன்றைக்கு உரிய சுற்றுகள் ஜெபமணி உருட்ட வேண்டும். சுற்றுக்கு நூற்றெட்டு மணி. கட்டத்துக்கு ஒரு நாள் சைவம். உருட்டும்போது எழக்கூடாது, வேறு வார்த்தை பேசக்கூடாது. தவறினால் மறுபடி முதல் நாள்.

எனக்குத் தொழில்முறைப் பொறாமை வந்தது. எண்பத்தொரு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் கெடு, ஒரு சறுக்கலில் எல்லாம் போச்சு. இப்படியொரு சஸ்பென்ஸ் எனக்கு வாய்த்ததே இல்லை.

கயிறு இழுபட்டது எழுபத்தேழாவது நாள். அன்றைக்கு ஒன்பது சுற்று. அவர் நாலாவது சுற்றில் இருந்தார்.

3

என் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். டோ மியா சேனின் கணவர் ஊ போ துன். லுங்கியை ஒரு கையில் பிடித்திருந்தார். மறு கையில் வாசல் கேட் சாவி.

"ஸயா, கீழ போய் அவகிட்டப் பேசிக்கிட்டு இருங்க." (ஸயா என்றால் வாத்தியார். எழுதுகிறவனையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திருத்த நான் முயலவில்லை.)

"யாருகிட்ட?"

"தீன் நூகிட்ட. மியா சேனோட தங்கச்சி."

தீன் நூ! ஆறு வருஷமாக இந்தத் தெருவில் கால் வைக்காதவர். தெருமுனையில் அவர்கள் அம்மா நினைவாக அக்காவும் தங்கையும் வழிப்போக்கர்களுக்காக ஒரு தண்ணீர்ப் பானை மேடை கட்டினார்கள். அதன் கல்லில் தங்கை பெயர் முதலில் வந்துவிட்டது. அந்தப் புண்ணியத்தைப் பௌத்தம் சொல்லும் முப்பத்தொரு உலகங்களுக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள். கல்லில் முதல் வரியைத்தான் பங்கு வைக்க முடியவில்லை. சண்டைக்கு அதுதான் காரணம் என்று தெருவுக்கே தெரியும்.

"ஜப்பானுக்குப் போறா, மகன்கிட்ட. ஒரேயடியா. டாக்ஸியில பெட்டியெல்லாம் இருக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல டிரைவர் நிக்க மாட்டான். போறதுக்கு முன்னாடி அக்காவைக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும்னு வந்திருக்கா. நேத்தே போன் பண்ணிச் சொன்னா. இவகிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"பயந்துட்டேன்."

"சாவிதான் கையில இருக்கே. கயித்துல இறக்க வேண்டியதுதானே?"

"மேல வந்து என்னத்தைப் பாப்பா? அக்கா மணி உருட்டறதையா?" குரலை இறக்கினார். "அவங்க அம்மா கடைசி மூச்சு விட்டப்போ இவ மடத்துல மணி உருட்டிக்கிட்டு இருந்தா. ஆள் அனுப்பினோம். சுத்தை முடிச்சுட்டுத்தான் வந்தா. அன்னிக்கு, எல்லார் முன்னாடியும், தீன் நூ கேட்டுட்டா. 'உன் மணி முடிஞ்சுதா அக்கா? அம்மாவும் முடிஞ்சாச்சு'ன்னு."



"அப்போ அந்தக் கல்லுச் சண்டை?"

"அது தெருவுக்குச் சொன்னது."

"சரி, இந்த எண்பத்தொரு நாள் எதுக்கு?"

"தங்கச்சி தானா வரணும், மன்னிப்புக் கேக்கணும்னு."

"அதான் வந்துட்டாங்களே!"

"வந்துட்டா ஸயா. ஆனா இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கே."

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

4

ஐந்து சுற்றுக்குமேல் மீதி. சுற்றுக்கு மூன்று நிமிஷம் வைத்தால் பதினைந்தைத் தாண்டும். டிரைவர் தருவது பத்து. விஷயத்தை நகர்த்தாமல் ஆளை உட்கார வைப்பதுதானே என் பிழைப்பு? ஊ போ துன் சரியான ஆளிடம்தான் வந்திருந்தார்.

படி இறங்கும்போதே முடிவுகளை யோசித்தேன்.

முடிவு அ: டாக்ஸியின் டிக்கியில் இருப்பது வெறும் பெட்டி அல்ல— (வேண்டாம். பழக்கதோஷம்.)

முடிவு ஆ: டாக்ஸியின் டயர் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னி மாற்றி முடிக்கவும் மேலே ஒன்பதாம் சுற்று முடியவும் சரியாக இருக்கிறது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்கிறார்கள். பக்தி மாத இதழ்கள் இதை அட்டையில் போடும். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இ மாடிப்படியில் கிடைத்தது. கைப்பிடிக்கு மேலாக ஊ போ துன் குனிந்து கிசுகிசுத்தார்.

"ஸயா, ஒரு விஷயம். நாலாவது கட்டத்துச் சைவ நாள்ல நான் வாங்கிட்டு வந்த தோஃபு சாலட்ல இறால் பொடி இருந்துச்சு. கடைக்காரி கை பழக்கத்துல தூவிட்டா. இவ சாப்பிட்டுட்டா. விரதம் அன்னிக்கே போச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நான் முழுசா நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா?"

கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்து நாளாக டோ மியா சேன் காத்துவருவது, இல்லாத ஒரு விரதத்தை. உடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"போய் இதைச் சொல்லுங்க! இப்பவே எந்திரிச்சு வந்துடுவாங்க."

என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு வரேன்," என்று மேலே போனார். அது வருமா என்று நிற்க எனக்கு நேரமில்லை.

5

கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தீன் நூ. ஐம்பத்தெட்டு வயது. ஜப்பான் குளிருக்கு வாங்கிய கம்பளிக் கோட்டை ரங்கூன் வெயிலிலேயே போட்டிருந்தார். பின்னால் டாக்ஸி உறுமிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா. ஜப்பான் போறீங்களாமே? அங்கெல்லாம் இப்ப பனி—"

"அக்கா எங்க?"

"குளிக்கிறாங்க."

"இந்த நேரத்துலயா? எங்க அக்கா பத்து மணிக்கு முன்னாடி தண்ணியைத் தொட்டதே இல்ல."

"இல்ல, தலைக்கு... இன்னிக்கு விசேஷம்னு..." (முப்பது வருஷத் தொழில் அனுபவம். வந்தது இவ்வளவுதான்.)

கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மணி உருட்டறாளா?"

நான் டாக்ஸியைப் பார்த்தேன்.

"ஆமான்னு சொல்லுங்க ஸயா. பொய் சொன்னா உங்களுக்கும்தான் பாவம்."

"ஆமா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் ஒரு வரி யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரித்தார். "எத்தனையாவது சுத்து?"

"ஆறு இருக்கும்."

"எத்தனைக்கு?"

"ஒம்பதுக்கு."

டிரைவர் ஹாரன் அடித்தார். "அக்கா, ப்ளேன் உங்களுக்காக நிக்காது. நானும்தான்."

"இருடா. வாயை மூடிக்கிட்டு இரு."

செருப்பைக் கழற்றினார். கோட்டைக் கழற்றி டாக்ஸி ஜன்னல் வழியாக டிரைவர் மடியில் போட்டார். தெருவோரம், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியைப் பார்த்து மண்டியிட்டார்.

6

இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. முயன்று பார்த்தேன்.

இந்த ஊரில் தினமும் காலையில் எல்லோரும் ஓதுவது ஒன்று உண்டு. உடம்பால் செய்த பிழை, வாயால் செய்த பிழை, மனத்தால் செய்த பிழை நீங்கட்டும் என்று வரும். பல் துலக்குகிற வேகத்தில் ஓதுவார்கள். நானே நாற்பது வருஷமாக ஓதுகிறேன். எந்தப் பிழை என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

தீன் நூ நிமிர்ந்து, கூப்பிய கையோடு, மேலே கேட்கும்படி உரக்க ஆரம்பித்தார்.

"உடம்பால செஞ்ச பிழை..." ஒரு தடவை நெற்றி தரையைத் தொட்டது.

"வாயால செஞ்ச பிழை..."

நின்றுவிட்டார். எல்லோருக்கும் மனப்பாடமான வரி. அதற்குமேல் போகவில்லை. எதிர்ப்பக்கம் பலகாரத் தட்டோடு போன பெண்மணியும் நின்றார்.

"வாயால செஞ்சது. அம்மாவைப் படுக்க வச்சிருந்தப்போ நான் உன்னைக் கேட்டது. அதுதான் அக்கா. வேற எதுவும் ஞாபகத்துல இல்ல."

தலையைக் குனிந்து தரையில் வைத்தார். அப்படியே இருந்தார்.

நான் மேலே பார்த்தேன். பால்கனியில் டோ மியா சேன் நின்றார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. கையில் ஜெபமணி, ஒரு மணியின்மேல் கட்டைவிரல். உதடுகள் அசைந்தன.

ஓதுகிறாரா, தங்கைக்குப் பதில் சொல்கிறாரா? மூன்று மாடிக்குக் கீழே, கண்ணாடி போட்டவன் நான், பக்கத்தில் உறுமுகிற எஞ்சின். கீழேயிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. நடந்துகொண்டே ஓதினாலும் ஓதலாமே, எழுந்ததில் விதி உடைந்தாலும் அவர் ஜெபத்தை விட்டுவிட்டார் என்று ஆகிவிடுமா? என் பழைய தொடர்களில் துப்பறிபவன் உதட்டசைவைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவான். அவனை உருவாக்கியதற்காக இப்போது வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹாரன். தீன் நூ எழுந்தார், மேலே பார்க்காமலே டாக்ஸியில் ஏறினார். வண்டி திரும்பிப் போனது. மேலே பால்கனி காலி.

அப்போதுதான் ஊ போ துன் சாவியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"போயிட்டாளா? நான் சொல்லிடலாம்னு முடிவு பண்ணி உள்ள போனேன் ஸயா. அவ இடத்துல இல்ல, பால்கனில நிக்கறா. சரி, தங்கச்சியையாவது மேல கூட்டிட்டு வந்துடலாம்னு ஓடி வரேன்."

"அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

"முதுகைப் பாத்துட்டு ஓடி வந்தவன்கிட்டக் கேக்கறீங்களே."

7

ஊ போ துன் சட்டைப்பையில் போன் அடித்தது. பெயரைப் பார்த்தார், சூடான பாத்திரம்போல என் கையில் வைத்தார். "தீன் நூ. நீங்க பேசுங்க. கதை எழுதறவர் நீங்கதானே."

"ஸயாவா? நான் தலையைக் குனிஞ்சிருந்தேன். எந்திரிச்சப்போ மேல பாக்கத் தைரியம் வரல. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அக்கா வந்தாளா?"

"வந்தாங்க."

"என்ன சொன்னா?"

மூன்று பதில்கள் கைவசம் இருந்தன.

"வாழ்த்தினாங்க." அழகான பதில். உண்மையா என்று தெரியாது. இந்தப் பெண்மணி இதை எடுத்துக்கொண்டு கடல் தாண்டுவார்.

"ஜெபத்தை விடல." இதுவும் உண்மையா என்று தெரியாது. இதையும் எடுத்துக்கொண்டுதான் தாண்டுவார்.

"தெரியல." உண்மை. ஆறு வருஷம் கழித்து வந்தவரிடம் சொல்ல இதைவிடக் கேவலமான உண்மை எனக்குத் தோன்றவில்லை.

"லைன்ல இருங்க," என்றேன். படி ஏறினேன். முதல் மாடி, என் மாடி, மூன்றாம் மாடி. போனில் அவர் மூச்சு, டாக்ஸிக்குள் டிரைவர் முணுமுணுப்பு.

கதவு திறந்திருந்தது. பூஜை அலமாரி முன்னால் பாய் விரித்தபடி இருந்தது. டோ மியா சேன் அதில் உட்காரவில்லை, பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஜெபமணி கையிலேயே, விரல் அதே மணியில். ஒன்பதில் மூன்று சுற்று இன்னும் மீதி. வாய் திறக்கக்கூடாத நேரம்.

என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்க்கவில்லை.

"அவளுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

நான் அப்படியே நிற்கிறேன். போனில், "ஸயா? ஸயா? அக்கா என்ன சொன்னா?" என்று தீன் நூ.

கேள்விகள் இரண்டும் என் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இதற்குமேல் நான் எழுதினால் அது என் வசனமாகிவிடும். எனக்கு வசனம் எவ்வளவு வரும் என்பதைக் கேட் பக்கத்தில் பார்த்தீர்கள். அதனால் போனை உங்களிடம் கொடுக்கிறேன். டாக்ஸி இன்னும் விமான நிலையத்தைத் தொடவில்லை. போனை நீட்டினால், டோ மியா சேனின் கை உங்களிடமிருந்து ஒரு முழம்கூட இல்லை.