நடந்து இறங்குகிறவர்

அண்ணன் செய்த உதவியை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடுதல் செய்திருந்தால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு ஆறிப்போகலாம். இது உதவியாம். வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஐந்து மாடிக் கார் நிறுத்துமிடம் அது. அண்ணன் அங்கே சூப்பர்வைசர். கீழே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. கணவர் டிரைவர். காலை ஷிப்டில் இருப்பவர்கள் வருகிறவர்களிடம் சாவியை வாங்கி, வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சரிவுப் பாதையில் நடந்து இறங்க வேண்டும். மாலை ஷிப்டில் தலைகீழ்: நடந்து ஏறி, வண்டியில் இறங்குவார்கள். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சட்டம். மற்ற டிரைவர்கள் நைசாக அதில் நுழைந்துகொள்வார்கள். சூப்பர்வைசரின் மாப்பிள்ளை நுழைய முடியுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?

கணவருக்குத் தட்டைப் பாதம். குளித்துவிட்டு வந்தால் தரையில் ஈரச்சுவடு செங்கல்லைப் பதித்த மாதிரி முழுசாக விழும். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் வாத்து. அவரும் அதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலும் அவளுக்குக் கோபம்தான்.

முதலில் அவர் மாலை ஷிப்டில்தான் இருந்தார். கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னதும், அண்ணன் பெரிய மனசு பண்ணிக் காலைக்கு மாற்றிவிட்டார்.

"ஏறுறதுதானே கஷ்டம்? இனிமே ஜம்முனு வண்டியில ஏறுங்க, மாப்ளே. நடந்து இறங்குங்க. இறக்கத்துல யாருக்கு வலிக்கும்?"

அதற்குப் பிறகுதான் கால் மோசமானது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே சுவரைப் பிடித்தார். பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அவள் அவரை இழுத்துக்கொண்டு பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் அவரை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டாள். சமமாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இறக்கமாகச் சாய்த்ததும் பாதம் இரண்டும் உள்பக்கமாகச் சரிய, முழங்காலுக்குக் கீழே சதை துடிப்பது உட்கார்ந்திருந்த அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"பாதத்துல வளைவு இல்லாததால இந்தச் சதைங்கதான் அதைத் தூக்கிப் பிடிக்குது. சமதரையில எப்படியோ சமாளிச்சிடுது. சரிவுன்னா ரெட்டை வேலை. அதுலயும் இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடணும், பாத்தீங்களா" என்றாள் அந்தப் பெண். "வலது கால் ஏன் இவ்வளவு இறுகியிருக்கு?"

அவளுக்குத் தெரியும். சரிவுப் பாதை வட்டமாகச் சுற்றுவது. உள்பக்கமாகச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி இறங்க வேண்டும். வலது கால் நாள் முழுக்க மேட்டிலேயே நடக்கிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அப்போதுதான் வாசல் கேட்டில் ஓர் ஆள் விலகி இடம் காலியாகியிருந்தது. சமதரை, உட்கார நாற்காலி. அதை அவருக்குக் கொடு என்று கேட்டாள். அண்ணன் தலையாட்டினார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் மீசைக்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு டிரைவர் உட்கார்ந்திருந்தான். அவன் கால் இரும்பு உலக்கை.

"ஏண்ணே இப்படிப் பண்ணின?"

"மாப்பிள்ளைக்குக் குடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான், பாப்பா. அவருக்கு நல்ல ஷிப்டாத்தானே போட்டிருக்கேன்? இறக்கம்தானே."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். அதற்காக ஒரு மனுஷன் காலையா பிடுங்கிக் கொடுப்பது?

அப்போது கணவர் சுவரைத் தடவிக்கொண்டு கடைசித் திருப்பத்தில் இறங்கி வந்தார். அவள் கூண்டை விட்டு வெளியே வந்தாள்.

"நீங்க உள்ள உக்காந்து டோக்கன் குடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"உக்காருங்கன்னேன்."

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டார். வந்து நின்ற ஒரு காரின் சாவியை அவள் வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். அண்ணன் ஓடிவந்தார்.

"இறங்கு, பாப்பா. எல்லாரும் பாக்குறான்."

"பாக்கட்டும். உனக்கு நாலு பேரு பாக்குறதுதானே முக்கியம்."

ஐந்தாவது மாடியில் விட்டுவிட்டு நடந்து இறங்கினாள். மறுபடி ஒரு கார், மறுபடி இறக்கம். மதியத்துக்குள் கெண்டைக்கால் கயிறு மாதிரி விறைத்தது, முழங்கால் நடுங்கியது. நல்ல பாதத்துக்கே இந்தக் கதி. இதை மாதக்கணக்கில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்ன மனுஷன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த முறை அவள் நொண்டிக்கொண்டு இறங்கியபோது, சரிவின் அடியில் அண்ணன் முகம் செத்துப்போய் நின்றிருந்தார்.

"போதும், பாப்பா. உன் காலு என்னத்துக்கு ஆகும்? நாளையிலேருந்து அவரைக் கேட்டுல போடுறேன். மீசைகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் கேட்டதுதான். ஆனால் கேட்டதும் ஆத்திரம்தான் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அண்ணனுக்குத் தங்கைக்கு வந்தாலும் தெரிகிறது. தங்கை புருஷனுக்கு வந்தால் மட்டும் தெரியவில்லை.

"மூணு மாசமா அவரு காலு நொந்துச்சு. உனக்கு உறைக்கல. அரை நாள் என் காலுன்னதும் உறைக்குதா?"

"நீ என் தங்கச்சி, பாப்பா."

"அவரு மனுஷன் இல்லையா?"

அவள் கூண்டைக் காட்டினாள்.

"எங்கிட்ட சொல்லாத. அவருகிட்டப் போய்ச் சொல்லு."

அண்ணன் போனார். டோக்கன் ஜன்னல் இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தது. உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் சூப்பர்வைசரும் குனிந்துதான் ஆக வேண்டும். அவர் குனிகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.