இருபத்துநான்கு எழுத்துகளும் ஒரு பெயரும்

1

"பாதி எழுத்து எனக்கு கொரோனாவுலயே தெரியும்மா. ஆல்ஃபா, டெல்டா, ஓமிக்ரான்..."

"மீதிக்கு இன்னொரு கொரோனா வரணுமா? மொதல்ல சாப்புடுங்க, ஆறிக்கினு இருக்குது."

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், இலைப்பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது இவ்வளவுதான். கடைக்காரர் கையில் ஒரு தாள். அதில் கிரேக்க எழுத்துகள். எதிரே சாப்பாட்டுக் கூடையோடு அவர் மனைவி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஷரீஃப், தாஹிரா என்ற பெயர்கள்கூட நான் வைத்தவைதான்.

(தாஹிரா என்ற பெயரை இந்தக் கதையில் கொஞ்சம் தாராளமாகவே எழுதப் போகிறேன். 'அவள்' போதும் என்கிற இடத்திலும் எழுதுவேன். காரணம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. இப்போதே அங்கே தாவ வேண்டாம்.)

2

கதையை எங்கே தொடங்குவது?

*ஏதென்ஸ் நகரத்து மாலை வெயிலில் தெயோதோரா தன் கூந்தலை* - வேண்டாம். ஏதென்ஸை நான் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற தாமல் ஏரியைத் தாண்டிப் போனதே பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்காகத்தான்.

*பட்டு இழையைப் போலத்தான் மொழியும்* - இதை முடிக்கவே இல்லை. காஞ்சிபுரத்தைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் இந்த வாக்கியத்தில் ஒருமுறை வழுக்கி விழுகிறோம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கல்யாணப் புடவையின் முந்தானையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை ஜரிகையில் நெய்து தருவது இங்கே உண்டு. தெயோதோரா என்ற கிரேக்கப் பெண் தனக்கும் தன் நிகோஸுக்கும் அப்படியொரு புடவை கேட்டாள். பெயர்களைத் தன் மொழியிலேயே எழுதி அனுப்பியிருந்தாள்.

"அப்படியே படமா போட்டுர்லாம் சார்" என்றாள் கணினியில் டிசைன் போடும் தேவகி.

"என் வாயால படிக்கத் தெரியாத பேர தறிக்கு அனுப்பமாட்டேன்மா" என்றார் ஷரீஃப். "ஒரு எழுத்து மாறிப்போனா அந்தப் பொண்ணு வேற எவ பொடவையோ கட்டிக்கினு மணவறையில நிக்கும்."

ஐம்பதை நெருங்குகிற மனிதர், கைப்பேசியில் வீடியோ பார்த்து கிரேக்க அரிச்சுவடியின் இருபத்துநான்கு எழுத்துகளையும் படிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

3

பள்ளிக்கூடம் நடந்தது காலைத் தேநீர் நேரத்தில், சமையலறை மேசையில்.

"ஆள ஏமாத்துற எழுத்துமா இது. பீட்டாவ வீட்டான்றான். இங்கிலீஷ் வி மாதிரி இருக்கறது 'ந'வாம். பி மாதிரி இருக்கறது 'ர'வாம்."

"அது அதுவாத்தான் இருக்குது. நீங்கதான் இங்கிலீஷ் கண்ணாடி போட்டுக்கினு பாக்குறீங்க" என்றாள் தாஹிரா, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

தெயோதோராவின் முதல் எழுத்திலேயே ஷரீஃப் சிக்கிக்கொண்டார். நடுவில் கோடு போட்ட முட்டை மாதிரி ஓர் எழுத்து. 'தெ' என்றார், 'செ' என்றார், இருமினார். தாஹிரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"குர்ஆன் ஓதறப்ப இதே மாதிரி ஒண்ணு வருமே, அதுக்கு நாக்க எங்க வெப்பீங்க? பல்லுக்கு நடுவுல கொண்டாங்க. காத்து விடுங்க."*

புருஷனும் பெண்டாட்டியும் மேசைக்கு இருபுறமும் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பதினோரு குடும்ப நாவல்களில் இத்தனை நெருக்கமான காட்சி ஒன்றுகூட இல்லை.

(* அரபியில் நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்து ஒலிக்கும் எழுத்துகள் உண்டு. சின்ன வயதில் ஓதும்போது தாஹிரா அவற்றில் கெட்டி.)

எழுத்து வந்துவிட்டது. பிறகு முழுப் பெயரும் வந்தது. குளிக்கும்போது தெயோதோரா. வண்டியைத் துடைக்கும்போது தெயோதோரா. ஒவ்வொரு முறையும் அவ்வளவு மெதுவாக, எங்கே உடைந்துவிடுமோ என்பது போல.

இப்போது அந்தக் காரணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஷரீஃப் ஒருமுறைகூட தாஹிராவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. புதுசில், பெரியவர்கள் இருந்த வீட்டில் வெட்கம். பிறகு 'இந்தாமா'. மகன் பிறந்ததும் 'அயாஸ் அம்மா'. ஒருமுறை ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் பேர் சொல்லுங்க சார்" என்று கேட்டபோது ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

கேட்கலாம் என்று தாஹிராவுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. வாய் வரைக்கும் வரும். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று தேநீரோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

4

ஷரீஃபை முரடராக எழுதிப் பார்த்தேன். *ஷரீஃப் தட்டைத் தள்ளிவிட்டு* - நிற்கவில்லை. மீனில் முள் எடுத்து முதல் துண்டை தாஹிரா தட்டில் வைக்கிறவர் எதற்குத் தட்டைத் தள்ளப் போகிறார்? நல்ல மனிதர்தான். அதுதான் சிக்கலே.

என் வாசகிகளுக்குப் பிடித்த முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது: ரகசியமாக 'தாஹிரா' என்று முந்தானையில் நெய்து புடவையை அவள் மடியில் வைக்கிறார், நாம் எல்லோரும் அழுகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதுவும் ஆதார் அட்டைதானே? ஜரிகை போட்ட ஆதார் அட்டை. வாய் திறக்காமல் மறுபடியும் தப்பித்துவிடுவார்.

கோபித்துக்கொண்டு தாஹிரா அம்மா வீட்டுக்குப் போவதாகவும் எழுதலாம். போகமாட்டாள். இவருக்குக் கிரேக்கத்தில் இன்னும் நான்கு எழுத்து பாக்கி இருக்கிறது.

5

புடவை தறியிலிருந்து இறங்கிய அன்று வீடியோ அழைப்பு. ஷரீஃப் முந்தானையைக் கேமராவுக்கு விரித்துக் காட்டி, விரலை ஓட்டிப் படித்தார். "தெயோதோரா. நிகோஸ்." அந்தப் பக்கம் அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

ஷரீஃப் கைப்பேசியை வைத்தார். "பாத்தியாமா, பேர சரியாச் சொன்னதுக்கே அழுவுது அந்தப் பொண்ணு!"

தேநீர் டம்ளரோடு எதிரே உட்கார்ந்திருந்த தாஹிரா அவரையே பார்த்தாள்.

இப்போது தாஹிரா பேசப் போகிறாள். அதற்கு ஷரீஃபின் பதிலை நான் எழுதமாட்டேன். எழுதினால் அதைச் சொன்னது நானாகிவிடும். இந்தக் கதை முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதே நான் ஒருத்திதான். அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆதார் அட்டையை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.

தாஹிரா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க. இதுக்கு நாக்க வெளிய நீட்ட வேணாம், பல்லுக்குப் பின்னால வெச்சாப் போதும். அப்பறம் கொஞ்சம் காத்து. கஷ்டமேயில்ல. என் பேரச் சொல்லுங்க."